கூடங்குளம் எங்க, ஓட்டமாவடி எங்க?

அணு உலை பற்றி எங்கட வட்டத்தில் பேச்செடுத்தால் முதலில் வருகிற கேள்வி இதுதான். கேட்கிறவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறதில்லை, கதையை முடிக்கத்தான் கேட்கிறார். ஆனபடியால் நாங்கள் வேணுமென்றே பதிலோடு தொடங்குகிறோம். நேர்கோட்டில் அளந்தால் கூடங்குளத்திலிருந்து ஓட்டமாவடிக்கு 400 கிலோமீற்றருக்குச் சற்று மேல். கற்பிட்டிக்கு ஏறத்தாழ 225. மன்னாருக்கு 255 அளவில். கொழும்புக்கு 270 சொச்சம். யாழ்ப்பாணத்துக்குக் கிட்டத்தட்ட 300.

இந்தக் கணக்கு எதுக்கு என்றால், சர்வதேச அணுசக்தி முகவரகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்று இருக்கு. பெரிய அணு உலை ஒன்றில் மோசமான விபத்து நடந்தால் எந்தத் தூரத்தில் என்ன செய்யத் தயாராக இருக்க வேணும் என்று அது சொல்கிறது. 3 முதல் 5 கிலோமீற்றருக்குள் இருக்கிறவர்கள் உடனே வெளியேற வேணும். 15 முதல் 30 வரை இருக்கிறவர்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்லவோ வெளியேற்றவோ ஆயத்தம் வேணும். 100 வரை நிலத்தையும் காற்றையும் அளக்க வேணும். 300 கிலோமீற்றர் வரை சாப்பாடு, பால், குடிதண்ணீர், சந்தைப் பொருட்கள் ஆகியவற்றை எப்படிக் கட்டுப்படுத்துவது, எப்படிச் சோதிப்பது என்று முன்கூட்டியே திட்டம் இருக்க வேணும். இப்ப கூடங்குளத்தில் ஒரு ஊசியைக் குத்தி 300 கிலோமீற்றருக்கு வட்டம் கீறிப் பாருங்கள். கற்பிட்டி உள்ளே, புத்தளம் உள்ளே, மன்னார் உள்ளே, நீர்கொழும்பு உள்ளே. பாராளுமன்றம், துறைமுகம், மொத்தச் சந்தை எல்லாத்தோடும் கொழும்பும் உள்ளே.

ஓட்டமாவடி வெளியேதான். எங்கட ஊரில் அணுப்புழுதி வந்து படியும் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி வட்ஸ்அப்பில் பயம் கிளப்புகிற ஆக்களோடு எங்களுக்குச் சேர்த்தியும் இல்லை. ஆனால் புத்தளத்து உப்பும் கற்பிட்டி மரக்கறியும் மன்னார்க் கருவாடும் எங்கட கடைகளில் இருக்கு. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து போகிற மீன் கொழும்புக்குத்தான் போகிறது. 2011 மார்ச்சில் புக்குஷிமா உலைகள் வெடித்தபோது சீனாவில் என்ன நடந்தது தெரியுமா? அயடீன் சேர்த்த உப்பு கதிர்வீச்சைத் தடுக்கும் என்று ஒரு வதந்தி. கடைகளில் உப்பு தீர்ந்து போச்சு. அங்கே கதிர்வீச்சு அபாயம் என்று சொல்ல ஒன்றும் வரவில்லை. வந்தது தகவல் இல்லாத வெறுமை. சரியான நேரத்தில், நம்பக்கூடிய ஒரு வாயிலிருந்து, விளங்குகிற மொழியில் ஒரு சொல் வராவிட்டால் 400 கிலோமீற்றர் ஒன்றும் பாதுகாப்பில்லை.

காற்றைப் பற்றியும் சொல்லிவிடுவோம், பிறகு கேட்பீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கூடங்குளம் இருக்கிற கரையிலிருந்து அது இலங்கைப் பக்கம்தான் அடிக்கும். மேற்கு மலைச்சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிப்போய் இந்தப் பக்கம் இறங்கும்போது நாம் அதைக் கச்சான் என்கிறோம். எங்கட முகத்தில் அனல் அடிக்கிற அதே காற்றின் முதல் பாதி, மலையகத்தில் மழையாக விழுந்த பாதி. செர்னோபில் வெடித்தது 1986 ஏப்ரல் 26. அந்தத் தூசு மழையோடு சேர்ந்து 2000 கிலோமீற்றருக்கு அப்பால் வேல்ஸ் மலைகளில் இறங்கியது. அங்கே செம்மறி ஆடுகளை விற்கிறதுக்கு இருந்த கட்டுப்பாடு கடைசியாக நீங்கியது 2012இல். 26 வருடம். மழை எங்கே விழுகிறதோ அங்கேதான் பிரச்சினையும் விழும் என்பது அந்த ஆட்டுக்காரர்களுக்கு நல்லாத் தெரியும். எங்கட மலையில் தேயிலையும் மகாவலியின் ஊற்றும் இருக்கு.

இதுக்கெல்லாம் சட்டம் இல்லையா என்றால், இருக்கு. செர்னோபிலுக்குப் பிறகு அதே 1986இல் அணு விபத்தை முன்கூட்டி அறிவிக்கிற சர்வதேச உடன்படிக்கை வந்தது. இந்தியாவும் இலங்கையும் அதில் இருக்கின்றன. 2015 பெப்ரவரியில் டெல்லியில் இரண்டு நாடுகளும் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஒன்றிலும் கையெழுத்து வைத்தன. கதிரியக்க அனர்த்தத்தைத் தணிக்கிறதும் அதில் ஒரு விடயம். எங்கட அணுசக்திச் சபை கரையோரத்தில் கதிர்வீச்சை அளக்கிற கருவிகளையும் வைத்திருக்கு. ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் டெல்லி கொழும்புக்குச் சொல்வதோடு முடிகிறது. கொழும்பு கற்பிட்டிக்குச் சொல்வது எப்படி, புத்தளத்து மீனவனுக்கு யார் சொல்வது, எந்த மொழியில், எத்தனை மணித்தியாலத்துக்குள்? கதிரியக்க அவசரத்துக்கென்று தேசியத் திட்டம் ஒன்று காகிதத்தில் இருக்கு. எங்கட பெக்கல்டியில் கேட்டுப் பார்த்தோம், அப்படியொன்று இருக்கிறது என்றே ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாத திட்டத்தை எப்படிப் பின்பற்றுவது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

எச்சரிக்கை கடைசி வீட்டுக்கு வராவிட்டால் என்ன நடக்கும் என்று இந்தக் கரைக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26. நாங்கள் அப்போது மடியிலோ தொட்டிலிலோ இருந்தோம், சிலர் பிறக்கவே இல்லை. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் அலை இந்தக் கரைக்கு வந்தது. அந்த நேரம் போதும், கல்குடாவிலிருந்து நடந்தே தப்பியிருக்கலாம். ஒருத்தரும் சொல்லவில்லை. அதே அலை அதே காலையில் தமிழ்நாட்டுக் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் அடித்தது. இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. பம்பு அறைக்குள் கடல்நீர் புகுந்தது, உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அணுசக்தித் துறை இதைப் பெருமையாகச் சொல்லும், சொல்லட்டும், அது உண்மைதான். ஆனால் அந்த நிலையத்தின் ஊழியர் குடியிருப்பில் இருந்த மக்கள் அதே அலையில் செத்தார்கள். உலையைக் காப்பாற்ற ஏற்பாடு இருந்தது, உலையை ஓட்டுகிறவனின் பிள்ளைக்கு இருக்கவில்லை. அணு உலைக்காரர்கள் பாதுகாப்பு என்று சொல்லும்போது எதன் பாதுகாப்பைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கூடங்குளத்துக்கு வருவோம். 1988இல் ராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும் கையெழுத்து வைத்த திட்டம் அது. முதல் உலை 2013 ஜூலையில் இயங்கத் தொடங்கியது, இரண்டாவது 2017இல் வணிக உற்பத்திக்கு வந்தது. இன்னும் நாலு கட்டுகிறார்கள். இடிந்தகரை மீனவர்கள், அதிலும் பெண்கள், 2011இலிருந்து கடற்கரைப் பந்தலில் இருந்து கேட்ட கேள்விகளில் முக்கியமானது இந்த அவசர ஆயத்தம் பற்றியதுதான். 2012 செப்டெம்பர் 10ஆம் திகதி அவர்களுக்குக் கிடைத்த பதில் கண்ணீர்ப்புகையும் தடியடியும். மணப்பாட்டில் ஒரு மீனவர் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்குகள். அதே வருடம் ஜூனில், எரிபொருள் நிரப்புகிறதுக்கு முன்னால் கட்டாயமாகச் செய்ய வேண்டிய அவசர ஒத்திகையை நக்கனேரி என்ற ஒரு சின்னக் கிராமத்தில் செய்து முடித்தார்கள். உலையைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டிருக்கிற இடிந்தகரையில் இல்லை. ஒத்திகை என்றால் பயப்படுகிற ஆக்களோடுதானே செய்ய வேணும்?

மேற்பார்வை யார் செய்தது? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், எங்கட பாஷையில் கணக்காய்வாளர் நாயகம், 2012இல் அந்த வாரியத்தைப் பற்றி ஒரு அறிக்கை வைத்தார். வாரியத்துக்குச் சட்டப்படியான சுதந்திரம் இல்லை, அது அரசாங்கத்துக்குக் கீழ்ப்பட்ட அமைப்பாகவே இருக்கு என்றார். விதியை மீறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 500 ரூபா என்று எடுத்துக் காட்டினார். ஹெல்மெட் போடாமல் போனாலும் அதைவிடக் கூட அழ வேண்டி வரும். நிலையத்துக்கு வெளியே நடத்தின ஒத்திகைகளே ஆயத்தம் போதாது என்று காட்டுகின்றன என்றும் அந்த அறிக்கையில் இருக்கு. இதைச் சொன்னது இடிந்தகரைப் பந்தலில் இருந்தவர்கள் இல்லை, அரசின் கணக்காளர். வாரியத்தைச் சுதந்திரமாக்க 2011இல் கொண்டுவந்த மசோதா 2014இல் காலாவதியாச்சு. சட்ட அந்தஸ்து கிடைத்தது 2025 டிசம்பரில் வந்த புதுச் சட்டத்தில்தான். அதே சட்டம் தனியார் கம்பனிகளுக்கும் அணு உலையின் கதவைத் திறந்துவிட்டது. காவல்காரனுக்குச் சீருடை கொடுத்த அன்றைக்கே வாசலையும் அகலமாக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று. 2019 ஒக்டோபர் 29இல், கூடங்குளத்துக் கணினிகளில் இணையத் தாக்குதல் நடந்ததாக வந்த செய்தியை நிலையம் மறுத்தது. அப்படி நடக்கவே முடியாது என்ற தோரணை. அடுத்த நாளே அணுமின் கழகம் ஒத்துக்கொண்டது, தீங்கு நிரல் நிர்வாக வலையமைப்புக் கணினி ஒன்றில் இருந்தது, செப்டெம்பர் தொடக்கத்திலேயே தகவல் வந்துவிட்டது என்று. உலையின் கட்டுப்பாட்டுக் கணினிகள் தனியாக இருந்தன, அவை பாதிக்கப்படவில்லை என்றார்கள். இருக்கட்டும். எங்கட கவலை தீங்கு நிரலைவிட அந்த முதல் நாள் மறுப்பில்தான் இருக்கு. அவசர நேரத்தில் முதல் வாய்ப்பேச்சு இல்லை என்பதாக இருந்தால், பிறகு வருகிற உண்மையை நம்ப ஆள் இருக்காது.

இந்த இடத்தில் வழமையாக ஒரு குரல் வரும். நீங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், உங்களுக்கு இது விளங்காது, நிபுணர்களிடம் விடுங்கள்.

சரி, நிபுணர்களைப் பற்றிக் கதைப்போம். இந்த விடயத்தில் ஓட்டமாவடியைவிடத் தகுதியான ஊர் இலங்கையில் இல்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேணும் என்று வர்த்தமானி வந்தது. காரணம் கேட்டால் நிபுணர் குழு. புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் செய்யலாம் என்று சொல்லியிருந்தது, உலகமெங்கும் புதைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே 20 நாள் குழந்தையையும் எரித்தார்கள். உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரில் மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளியது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அனுமதி. மார்ச் 5ஆம் திகதி முதல் ஜனாஸா எங்கட மஜ்மா நகரில் அடக்கப்பட்டது. நாடு முழுக்க இருந்து வந்த 3600க்கும் மேற்பட்ட உடல்கள் அங்கே இருக்கின்றன. முஸ்லிம்கள் மட்டுமில்லை, இந்துக்கள், கிறிஸ்தவர்கள், பௌத்தர்களும். ஓட்டமாவடி என்றால் இன்றைக்கு வெளியூர்க்காரனுக்கு அந்த மையவாடிதான் ஞாபகம் வருகிறது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. தண்ணீர் கெடவில்லை.

இதிலிருந்து விஞ்ஞானத்தை நம்பக்கூடாது என்று நாங்கள் படிக்கவில்லை. விஞ்ஞானம் முதல் நாளிலிருந்தே எங்கட பக்கம்தான் இருந்தது. நாங்கள் படித்தது வேறு. மூடின அறைக்குள் ஒரு குழு இருந்து முடிவெடுத்து, அதைக் கேள்வி கேட்க வெளியே ஒரு கதவும் இல்லாமல் விட்டால், நிபுணத்துவம் என்ற பெயரில் எதையும் செய்யலாம். வைரசுக்கே அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத, அளக்கிற கருவி அரசிடம் மட்டுமே இருக்கிற கதிர்வீச்சுக்கு எப்படி? கதிர்வீச்சு இல்லை என்று அறிவித்தல் வந்தால் நாங்கள் எதை வைத்துச் சரிபார்க்கிறது?

ஜப்பானிலும் நிபுணர்கள்தான் இருந்தார்கள். அங்கே உலைகளைக் கண்காணிக்கிற முகவரகம், உலைகளை வளர்க்கிற அதே அமைச்சின் கீழ் இருந்தது. புக்குஷிமாவை ஆராய்ந்த பாராளுமன்றக் குழு 2012இல் அது மனிதர் உண்டாக்கின அனர்த்தம் என்றே எழுதியது. காற்று எந்தப் பக்கம் போகும் என்று கணிக்கிற கணினி முறை அரசிடம் இருந்தது. நாமியே என்ற ஊர்க்காரர்களுக்கு அந்தக் கணிப்பைக் கொடுக்கவில்லை. அவர்கள் உலையிலிருந்து தூரமாகப் போகிறோம் என்று நினைத்து வடமேற்கில் இருந்த சுஷிமா என்ற பகுதிக்குப் போனார்கள். கதிரியக்க முகிலும் அங்கேதான் போனது. வைத்தியசாலைகளிலிருந்து வாகனத்தில் ஏற்றி ஊரூராகக் கொண்டு திரிந்த நோயாளிகள் வழியிலேயே இறந்தார்கள். அந்த மாகாணத்தில் இடப்பெயர்வின் அலைச்சலால் இறந்தவர்கள் 2300க்கு மேல்.

அணுமின் ஆதரவாளர்கள் இந்த எண்ணிக்கையைத் தங்கட பக்க வாதமாகச் சொல்கிறார்கள். பாருங்கள், கதிர்வீச்சு கொல்லவில்லை, பதற்றம்தான் கொன்றது என்று. அப்படியே வைத்துக்கொள்வோம். அப்ப அவர்களே சொல்கிறார்கள், ஆயத்தமில்லாமைதான் ஆளைக் கொன்றது என்று. நாங்கள் வேறு என்ன சொல்கிறோம்?

இப்ப கொழும்பின் கதை. எங்களுக்கும் ஒரு அணு உலை வேணும் என்ற யோசனை அரசாங்கங்கள் மாறினாலும் மாறவில்லை. 2010இலேயே ஆராய முடிவெடுத்தார்கள். 2022இல், நாங்கள் மின்வெட்டிலும் பெற்றோல் வரிசையிலும் கிடந்த அதே வருடத்தில், சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு வந்து நாட்டின் ஆயத்தத்தை ஆராய்ந்தது. அவர்களுடைய வரையறையில் ஒரு நாடு ஆயத்தப்படுத்த வேண்டிய 19 விடயங்கள் இருக்கு. அவசரத் திட்டமிடல் அதில் ஒன்று, ஒழுங்குபடுத்தல் இன்னொன்று. காசு எங்கே, தொழில்நுட்பம் யாருடையது, ரஷ்யாவா வேறு நாடா என்று பத்திரிகையில் நிறைய வந்தது. அந்த இரண்டைப் பற்றி எங்கட மொழியில் ஒரு பக்கக் கட்டுரையாவது வாசித்தவர்கள் கையைத் தூக்குங்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேணும். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் பழைய அதிகாரசபையை இரண்டாகப் பிரித்தது. அணுசக்தியை வளர்க்க ஒரு சபை, கண்காணிக்க ஒரு பேரவை. நல்ல வேலை. அந்தப் பேரவை தூங்கவும் இல்லை. 2021 ஏப்ரலில், யுரேனியம் ஹெக்ஸாபுளோரைட்டை ஏற்றின கப்பல் ஒன்று அதைச் சொல்லாமல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் வந்தபோது, கண்டுபிடித்து வெளியே அனுப்பினார்கள். சீனாவுக்குப் போகிற சரக்கு, சீனா நடத்துகிற துறைமுகம், ஆனாலும் அனுப்பினார்கள். பாராட்டுகிறோம். ஆனால் சபையும் பேரவையும் பெரும்பாலும் மின்சக்தி அமைச்சின் ஒரே கூரைக்குள்தான் இருந்து வந்திருக்கின்றன. ஒரு கப்பலைத் திருப்பி அனுப்புவது வேறு, தன் அமைச்சரே ரிப்பன் வெட்டின உலையை மூடச் சொல்வது வேறு.

மின்சாரம் வேணாமா, நுரைச்சோலையில் நிலக்கரி எரிக்கிறது நல்லதா, காலநிலை மாற்றத்துக்கு என்ன பதில் என்று கேட்கிற சினேகிதர்கள் இருக்கிறார்கள். கேள்வி சரி. நுரைச்சோலையின் சாம்பலை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆனால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமையை மறக்காதீர்கள். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது என்றார் அமைச்சர். முழு நாடும் இருண்டது, நுரைச்சோலை நின்று, அதைத் திரும்ப ஓடவைக்க நாட்கணக்கில் ஆனது. எல்லாரும் மீம் போட்டோம், சிரித்தோம். அணு உலை விளக்கை அணைக்கிற மாதிரி அணையாது. உள்ளே நடக்கிற பிளவை நிறுத்தினாலும் எரிபொருள் நாட்கணக்கில் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேணும். பம்புக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேணும். அது இல்லாவிட்டால் மின்பிறப்பாக்கி. புக்குஷிமாவில் நடந்தது அதுதான், நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் போனது, கடல்நீரில் மின்பிறப்பாக்கி போனது, பிறகு உலை உருகியது. ஒரு குரங்கின் கதை அங்கே மீமாக முடிந்திருக்காது.

உலை வேண்டவே வேண்டாம் என்று எங்களில் சிலர் நினைக்கிறோம், சிலர் அப்படி நினைக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதும்போதே அதில் சண்டை வந்தது. ஒன்றில் மட்டும் சண்டை வரவில்லை: கடைசி வீட்டுக்குச் செய்தி சொல்ல முடியாத அரசு உலையைப் பற்றிக் கதைக்கிறது அவசரக்குடுக்கைத்தனம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. 600க்கும் மேல் உயிர்கள் போயின. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தியும் குறைவாகவும் வந்தன என்று அந்த நாட்களிலேயே பலர் எழுதினார்கள். புயல் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும், நாட்கணக்கில் நேரம் தரும். அதுக்கே மொழிபெயர்ப்பாளர் இல்லாத இடத்தில், கதிர்வீச்சுக்கு, வீட்டுக்குள் போங்கள், யன்னலைச் சாத்துங்கள், கிணற்றை மூடுங்கள், பிள்ளைக்குப் பால் இதைக் கொடுங்கள் இதைக் கொடுக்காதீர்கள் என்று யார் சொல்வார்?

உண்மையைச் சொன்னால், எங்கட ஊரில் வெள்ளம் வந்தால் முதலில் பேசுவது பள்ளிவாசல் ஒலிபெருக்கி. அதை எந்த அரசாங்கமும் பூட்டித் தரவில்லை. பிள்ளை காணாமல் போனாலும் ஜனாஸா அறிவித்தல் என்றாலும் அதுதான். பக்கத்து ஊர்களில் கோயில் மணியும் தேவாலய மணியும் இருக்கு. மீனவர் சங்கங்களிடம் கடலில் இருக்கிற படகுகளின் தொடர்பு இருக்கு. இதெல்லாம் ஒரு திட்டத்தில் எழுத்தில் இருக்கிறதா? இருக்க வேணும். பல மில்லியன் டொலர் கருவியைவிட இது மலிவு.

வெளிநாட்டில் எங்காவது இப்படி நடந்திருக்கிறதா என்றால், நடந்திருக்கு. அயர்லாந்து. அங்கே அணுமின் நிலையமே இல்லை. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் பிரித்தானியாவின் செல்லாபீல்ட் அணு வளாகம் இருக்கு. கற்பிட்டி கூடங்குளத்தைப் பார்க்கிற மாதிரித்தான் டப்ளின் செல்லாபீல்டைப் பார்க்கிறது, தூரமும் ஏறக்குறைய அந்தளவுதான். அயர்லாந்து 2001இல் கடல் சட்டத்துக்கான சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு நாடும் தகவல் பரிமாற வேணும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. 2002இல் நாட்டிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தபாலில் அயடீன் குளிசை அனுப்பினார்கள். கதிரியக்க அயடீன் தொண்டையில் இருக்கிற தைரொயிட் சுரப்பியில் போய்ச் சேராமல் அந்தக் குளிசை தடுக்கும், நேரத்துக்குப் போட்டால் மட்டும். சில வருடம் கழித்து, செல்லாபீல்டில் இருந்த பழைய உலைகள் மூடப்பட்டதால் அந்தக் குளிசை இனித் தேவையில்லை என்றும் அவர்களே மக்களுக்குச் சொன்னார்கள். எங்களுக்குப் பிடித்தது அதுதான். பயப்பட வேண்டிய நேரத்தில் சொன்னார்கள், பயப்படத் தேவையில்லாதபோதும் சொன்னார்கள். 2004இல் பிரித்தானியாவின் கதிர்வீச்சு அளவீட்டு வலையமைப்பை நேரடியாகப் பார்க்கிற உரிமையையும் வாங்கினார்கள். அயர்லாந்து ஒன்றும் பிரித்தானியாவைவிடப் பெரிய நாடில்லை. கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள்.

இங்கே 2012இல் அப்போதைய மின்சக்தி அமைச்சர் கூடங்குளம் பற்றிச் சத்தம் போட்டார். பிறகு 2015 ஒப்பந்தம், கைகுலுக்கல், படம். கூடங்குளத்து அளவீடுகளைப் புத்தளத்து மாணவி ஒருத்தி தன் போனில் பார்க்கக்கூடிய நிலை இன்றைக்கும் இல்லை. எங்கட தமிழ்க் கட்சிகளுக்கும் முஸ்லிம் கட்சிகளுக்கும் இது ஒரு விடயமாகவே தெரியவில்லை. வட்டத்துக்குள் அவர்களுடைய வாக்காளர்களும் இருக்கிறார்கள். மன்னாரிலும் புத்தளத்திலும் மேடை போடுகிறவர்கள் ஒரு தடவை இதைப் பற்றிப் பேசட்டும் பார்ப்போம்.

பேசும்வரை நாங்கள் சும்மா இருக்கப் போவதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரசைக்கும் கேள்வி கேட்க உரிமை தருகிறது. 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேணும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் ஒழுங்குபடுத்தல் பேரவைக்கும் இரண்டு கடிதம் எழுதியிருக்கிறோம். கதிரியக்க அவசரத் திட்டத்தின் தமிழ்ப் பிரதி இருக்கிறதா, மேற்குக் கரையில் கடைசியாக எப்போது, எந்தக் கிராமத்தில், எத்தனை பேரோடு ஒத்திகை நடந்தது, கரையோரக் கருவிகளில் இன்றைக்கு எத்தனை வேலை செய்கின்றன, அவற்றின் அளவீட்டை மக்கள் எங்கே பார்க்கலாம், அயடீன் குளிசை நாட்டில் எங்கே எவ்வளவு இருக்கு, அவசரத்தில் பாலையும் மீனையும் சோதிக்க எத்தனை ஆய்வுகூடம், 2015 ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவிடம் எத்தனை தடவை தகவல் கேட்கப்பட்டது. அவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். ஒன்றுமே இராணுவ இரகசியமில்லை.

கடிதங்கள் தமிழில்தான் இருக்கின்றன. அடுத்த வாரம் பதிவுத் தபாலில் போகும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் இங்கேயே போடுவோம். புத்தளம், மன்னார், கற்பிட்டி நண்பர்கள் யாராவது இதே கேள்விகளைத் தங்கட பிரதேச செயலகத்திலும் கேட்க நினைத்தால் பிரதியை எடுத்துக்கொள்ளலாம், எங்கட பெயர் போடத் தேவையில்லை.